அதே மாப்பிள்ளை, அதே பெண்!
(வீடியோ கேம் தொடர்கள் நமக்குச் சொல்லும் பாடம்)

— மூன்றாமாண்டு கணினிப் பொறியியல் மாணவன்



எங்க ஊர் திருக்கடையூர். அபிராமி கோயிலில் அறுபதாம் கல்யாணம் நடக்காத நாளைப் பார்ப்பது அபூர்வம். அதே மாப்பிள்ளை, அதே பெண். தாலி மட்டும் புதுசு. "கல்யாணம் ஆனவங்களுக்கு எதுக்கு தாத்தா மறுபடியும் கல்யாணம்?" என்று சின்ன வயதில் கேட்டேன். "பழசை விடாம புதுசாக்கிக்கத்தான்டா" என்றார் தாத்தா.

அந்தப் பதிலின் அர்த்தம் எனக்கு கம்ப்யூட்டர் லேபில்தான் புரிந்தது.

நம் சீனியர்கள் ஒரு ரேக்ளா பந்தய கேம் செய்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு பட்டன். சரியான நேரத்தில் தட்டினால் மாடு பாயும். அதையே ப்ராஜெக்டாக எடுத்த எங்கள் குழு, "புதுசா ஏதாவது செய்யணும்டா" என்று ஆறு பட்டன் வைத்தது, படங்களையும் மாற்றியது. ஜூனியர்கள் இரண்டு நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பழைய கேம் இருக்கா?" என்று கேட்டார்கள். மூன்று மாத உழைப்பு போச்சு!

எங்கே தப்பு? பெரிய கம்பெனிகளின் கதையைப் படித்தபோது விடை கிடைத்தது.

மாற்றாவிட்டால்?

நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985-இல் வந்தது. மறு வருடமே ஜப்பானில் இரண்டாம் பாகம். பார்க்க ஏறக்குறைய பழையது போலவே இருக்கும். ஆடுவதுதான் மிகக் கஷ்டம். அதை அப்போது அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறொரு கேமில் மாரியோவைப் புகுத்தி, 1988-இல் அங்கே இரண்டாம் பாகமாக வெளியிட்டார்கள். ஆக, பழையதையே கடினமாக்கித் தருவது மட்டும் புதுமை ஆகாது.

எல்லாவற்றையும் மாற்றினால்?

கொனாமியின் கால்பந்துத் தொடர் 'ப்ரோ எவல்யூஷன் சாக்கர்', 2021-இல் 'ஈ-ஃபுட்பால்' ஆனது. பெயர், எஞ்சின், விற்கும் முறை மூன்றும் ஒரே சமயத்தில் மாறின. பழகிய ஆட்ட வகைகள் பலவற்றைக் காணோம். ரசிகர்கள் கொதித்தார்கள், கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

நடுவழி எது?

கை பழகியதை விடாதே. கை பழகியதற்குப் புது வேலை கொடு. 1996-இல் 'சூப்பர் மாரியோ 64' முப்பரிமாண உலகத்துக்குப் போனது. ஆனாலும் மாரியோ குதிப்பதை விடவில்லை. அடுத்தடுத்து மூன்று முறை குதித்தால் மூன்றாவது உயரமாக எழும்பும்படி அதையே வளர்த்தார்கள்.

நம்ம சென்னையையே பாருங்களேன். நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' இரண்டாம் பாகம் 2015-இல், மூன்றாம் பாகம் 2020-இல். மூன்றில் வீரர்களின் உடலசைவை அப்படியே பதிவு செய்யும் மோஷன் கேப்சர், ஒரு வீரனின் வாழ்க்கையை முதலிலிருந்து ஆடும் கேரியர் மோட், தமிழ் வர்ணனை எல்லாம் வந்தன. ஆனால் பந்து வரும் நேரம் பார்த்து அடிக்கும் அந்த டைமிங்தான் இரண்டுக்கும் உயிர்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடினால் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லி செகண்ட். அழகுக்காக ஆறு ஃப்ரேம் அசைவை மட்டையடிக்கு முன்னால் சேர்த்தால் 100 மில்லி செகண்ட் தாமதம். 140 கிலோமீட்டர் வேகப் பந்து மட்டைக்கு வர சுமார் அரை நொடிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்! படம் அழகாக இருக்கும், பேட்ஸ்மேன் அவுட்!

நாங்கள் செய்ததும் இந்தத் தப்புதான். ஐந்து பட்டனைத் தூக்கினோம். பழைய டைமிங்கைத் திரும்ப வைத்தோம். புதிதாகச் சேற்றுப் பாதையும் இரவுப் பந்தயமும் சேர்த்தோம். சேற்றில் மாடு மெதுவாகப் போகும். எனவே தட்டும் நேரம் மாறும். அதே பட்டன், புதுச் சவால். ஜூனியர்கள் சுற்றி நின்று ஆடினார்கள்.

அடுத்து ப்ராஜெக்ட் எடுக்கப்போகும் தம்பி, தங்கைகளுக்கு மூன்று வார்த்தை:

1. கை வைக்கும் முன் பழையதை ஆடியவர்களிடம், "எது போனா வருத்தப்படுவீங்க?" என்று கேளுங்கள்.
2. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஆடிப் பாருங்கள். எது கெடுத்தது என்று அப்போதுதான் தெரியும்.
3. பழைய புரோகிராமை அழிக்காமல் ஒரு காப்பி வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது அதுதான்!

தாலி புதுசாகட்டும், தோழர்களே, மாப்பிள்ளையையே மாற்றிவிடாதீர்கள்!