வீட்டுக்குள் ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையம்

அரியலூருக்கு அருகில் கல்லங்குறிச்சி என்றொரு ஊர் இருக்கிறது. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அவ்வூரைப் பலரும் அறிவர். புவியியல் நூல்களிலும் அவ்வூருக்கு இடம் உண்டு. அங்குள்ள சுண்ணாம்புப் பாறை அடுக்கின் பெயரே 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்பதாகும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், அப்பகுதி கடலாக இருந்தபோது வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் அப்பாறையில் இன்றும் காணப்படுகின்றன.

பாறை அவ்வளவு காலம் காத்து வைத்திருக்கிறது. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் ஒலிநாடாவோ முப்பது, நாற்பது ஆண்டுகளில் நைந்துபோகத் தொடங்கிவிடுகிறது.

அவ்வூரில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அங்கே 60 நிமிடக் கேசட்டுகள் 20 உள்ளன. ஒன்றில் பாட்டியின் தாலாட்டு. மற்றொன்றில் அத்தை கல்யாணத்து நாதஸ்வரம். வேறு எங்கும் இவற்றுக்குப் பிரதி இல்லை. இவற்றை வீட்டிலுள்ள எல்லோரும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் வேண்டும்போது கேட்க வேண்டும். அவை அழியாமலும் இருக்க வேண்டும். இதற்கு ஒரு சிறிய பெட்டி போதும்.

பெட்டியின் உள்ளே

இங்கிலாந்தில் உருவான ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. மாணவர்கள் கணிப்பொறியைத் தொட்டுப் பழக வேண்டும் என்பதே அதை உருவாக்கியவர்களின் நோக்கம். அதன் அளவு 85 மி.மீ. × 56 மி.மீ.தான், சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

இதன் நான்காம் வகையைக் கொண்டு நம் பெட்டியை அமைக்கும் முறை வருமாறு:

1. வேறொரு கணிப்பொறியின் உதவியால் மெமரி கார்டில் இயங்கு மென்பொருளைப் பதித்து, பெட்டியில் செருகவும்.

2. 5 வோல்ட், 3 ஆம்பியர் தரக்கூடிய மின்னிணைப்பைக் கொடுக்கவும். பழைய கைபேசி சார்ஜர் போதாது. மின்னழுத்தம் குறைந்தால் பெட்டி இடையிடையே நின்றுவிடும்.

3. பாடல்களை வைக்க ஒரு ஹார்டு டிஸ்க்கை இணைக்கவும். தனக்கென மின்னிணைப்பு உள்ள டிஸ்க் நல்லது.

4. பெட்டியை வீட்டு ரூட்டருடன் இணைத்து, அதற்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கவும். 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்.

5. ஜெல்லிஃபின் என்னும் மென்பொருளை நிறுவவும். இது 2018 முதல் வளர்ந்து வரும் கட்டற்ற மென்பொருள், விலை இல்லை.

இனிக் கைபேசியின் உலாவியில் 192.168.1.10:8096 என்று கொடுத்தால் பாடல் பட்டியல் தோன்றும். இதற்கு வெளி இணையம் தேவையில்லை. பாடல் பெட்டியிலிருந்து ரூட்டருக்கும், அங்கிருந்து கைபேசிக்கும் மட்டுமே செல்கிறது.

ஒலி எவ்வாறு ஓடி வருகிறது?

டேப் ரெக்கார்டரின் காதொலிப்பான் துளையை, கணிப்பொறியின் ஒலி உள்ளீட்டுத் துளையுடன் ஒரு கம்பியால் இணைத்துக் கேசட்டைப் பதிவு செய்யலாம். ஒலி அலையின் உயரம் ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட்டுகள். இடம், வலம் என இரு தடங்கள். ஆகவே,

44,100 × 2 × 2 = 1,76,400 பைட்டுகள் (ஒரு நொடிக்கு).

ஒரு மணி நேரத்துக்கு இது ஏறத்தாழ 635 மெகாபைட்டாகும். எம்.பி.3 முறையில் சுருக்கி, நொடிக்கு 128 கிலோபிட் என அமைத்தால் 57.6 மெகாபைட்டே தேவைப்படும். 20 கேசட்டுகளும் ஏறத்தாழ 1.15 கிகாபைட்டில் அடங்கிவிடும்!

பெட்டி இவ்விவரங்களை ஒரே மூச்சில் அனுப்புவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. அவை சீராக வருவதும் இல்லை. சில விரையும், சில தாமதிக்கும். ஆனால் பாட்டு தடங்கலின்றி ஒலிக்கிறதே, எப்படி? ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும், தொட்டியில் நீர் இருக்கும்வரை குழாயில் நீர் வருகிறது அல்லவா? அதுபோலக் கைபேசி சில நொடிகளுக்கான ஒலியை முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டு ஒலிக்கிறது. இச்சேமிப்பிடமே 'பஃபர்' எனப்படும்.

தானாக இயங்கச் செய்தல்

மின்சாரம் போய் வந்தால் பெட்டி தானே விழித்துக்கொள்ளும். ஜெல்லிஃபினும் தானே தொடங்கும். ஆனால் பாடல்களை ஒரு பென் டிரைவில் நாள்தோறும் படியெடுக்கும் வேலையை நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்குக் 'கிரான்' என்னும் ஏவலாள் இருக்கிறான். அவனுக்கு நேரத்தை ஐந்து குறிகளால் சொல்ல வேண்டும். அவை முறையே நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை ஆகும். உடுக்குறி இட்டால் 'எதுவானாலும்' என்று பொருள்.

30 2 * * *

இதன் பொருள், நாள்தோறும் பின்னிரவு 2.30 மணி என்பதாகும். கிழமை இடத்தில் 0 என்றால் ஞாயிறு.

ஏவலாள் செய்யும் பிழைகள்

இங்குதான் கவனம் தேவை. கிரான் சொன்னதைச் செய்வான். சரியா என்று யோசிக்க மாட்டான்.

முதலாவது, கடிகாரம். ராஸ்பெரி பை நான்காம் வகையில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. அது இணையத்தைக் கேட்டே மணி தெரிந்துகொள்கிறது. இரவில் மின்சாரம் நின்று, மீண்டும் வந்தபோது இணையம் இல்லையென்றால், பெட்டி தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். பகல் 11 மணியை இரவு 1 மணி என்று நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. படியெடுக்கும்போது, 'மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் நீக்கு' என்று கட்டளையிடலாம். இரண்டும் கண்ணாடிபோல் ஒத்திருக்கும் என்பதால் பலர் இவ்வாறு செய்வர். ஒருநாள் ஹார்டு டிஸ்க்கின் இணைப்பு தளர்ந்துபோனதாகக் கொள்வோம். அப்போது அது இருந்த இடம் வெற்று அறையாகத் தெரியும். ஏவலாள், 'மூலத்தில் எதுவும் இல்லை' என்று முடிவு செய்து, பிரதியில் உள்ளதையும் துடைத்துவிடுவான். டிஸ்க் கெட்டுப்போனதாலேயே இணைப்பு அற்றிருந்தால், பாட்டியின் குரல் இரண்டு இடத்திலும் இல்லாமற் போகும். காப்பதற்கென்று வைத்த ஏற்பாடே அழித்துவிட்டது!

ஆகவே மூன்று விதிகளை மறவாதீர்கள்:

* டிஸ்க்கில் அடையாளமாக ஒரு சிறு கோப்பை வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டுமே படியெடுக்கும்படி கட்டளையை அமையுங்கள். நீக்கும் கட்டளை வேண்டவே வேண்டாம்.

* எந்த வேலையையும் முதலில் கையால் செய்து பார்த்து, முடிவைச் சரிபார்த்த பிறகே ஏவலாளிடம் ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு பாட்டை ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

* மூன்றாவது பிரதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஒரே பெட்டியில் செருகிய இரண்டும் ஓர் இடி மின்னலில் சேர்ந்தே போகலாம்.

சிப்பி ஓடுகளைப் பாறை காத்தது. அங்கே மனிதக் கை தேவைப்படவில்லை. நம் பதிவுகள் அப்படியல்ல. பிரதி எடுத்தும், எடுத்ததைச் சரிபார்த்தும் வந்தால்தான் அவை நிலைக்கும். உங்கள் வீட்டுப் பரணில் கேசட்டுகள் இருந்தால், இந்த விடுமுறையில் முதல் கேசட்டை எடுங்கள்.

செய்து பாருங்கள்

1. மேற்கண்ட எம்.பி.3 அளவில், 32 கிகாபைட் பென் டிரைவில் எத்தனை மணி நேர ஒலி அடங்கும்?

2. 0 6 * * 0 என்னும் குறி எந்த நேரத்தைச் சுட்டுகிறது?

3. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இரவு 9.15 மணிக்கு வேலை நடக்க வேண்டும். குறியை எழுதுக.

(விடைகள்: 1. ஏறத்தாழ 555 மணி. 2. ஞாயிறுதோறும் காலை 6 மணி. 3. 15 21 1 * *)