முதலில் வந்தவர் யார்?

அன்புள்ள கயல்விழிக்கு,

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணத்தைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதில் முதலில் வந்தவர் யார் ஐயா?" என்று எழுதியிருக்கிறாய். அதெல்லாம் பந்தய வீரர்களின் உலகம், உனக்கும் அம்மாவுக்கும் அங்கே என்ன வேலை என்று கூடவே ஒரு வரி. கேள்வியைவிட அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. நம் ஊர்க்காரர் யாராவது அந்தப் பயணத்தை முடித்துத் திரும்பினால் செய்தித்தாள்கள் 'வென்றார்' என்று தலைப்புப் போடுகின்றன. இன்று அங்கே வெல்வதற்கு ஒன்றுமே இல்லை, கயல்விழி.

1891இல் அது பந்தயமாகத்தான் பிறந்தது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை ஷார்ல் தெரோன் 72 மணி நேரத்துக்குள் ஓட்டி வென்றார். பிரெஞ்சு ஆண்களுக்கு மட்டுமே அன்று அனுமதி. 1931இல் பந்தயத்தோடு சேர்த்துச் சாதாரண ஓட்டிகளுக்கும் வழிவிட்டார்கள். 1951க்குப் பிறகு பந்தயம் நின்றுபோயிற்று. சாதாரணர்களின் பயணம் இன்றும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2019இல் புறப்பட்டவர்கள் 6,000 பேருக்கும் மேல்.

நடத்துவது ஆடாக்ஸ் கிளப் பாரிசியான் என்ற சங்கம். பி.ஆர்.எம். என்று நம் ஓட்டிகள் சொல்லும் நெடுந்தூரப் பயணங்கள் எல்லாம் அதன் விதிப்படிதான் நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600க்கு 40 மணி நேரம். அந்தக் கெடுவுக்குள் வந்த எல்லோருக்கும் ஒரே மதிப்பு. முந்தி வருவதற்கும் ஒரு வரம்பு உண்டு: 200 கிலோமீட்டரை 5 மணி 53 நிமிடத்துக்கு முன்னால் முடித்தால் கணக்கில் வராது. வேகக்காரனையும் காத்திருக்க வைக்கும் சங்கம் வேறு எது இருக்கிறது, சொல்!

எல்லோருக்கும் ஒரே மதிப்பு என்ற இந்த எண்ணத்தின் வேரைத் தேடி நான் நிறையப் படித்திருக்கிறேன். என்னைக் கேட்டால் எல்லாம் கியரில் வந்து நிற்கிறது. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சுக்குக் கியர் ஆகாது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குத்தான் அது என்று எழுதினார். 1937 வரைக்கும் அவருடைய பந்தயத்தில் சங்கிலி மாற்றும் கியருக்கு இடம் கிடைக்கவில்லை. அதே காலத்தில் சான்த் எத்தியென் நகரில் போல் த விவி என்ற மனிதர், வெலோசியோ என்ற புனைபெயரில், 'லெ சிக்லிஸ்த்' என்ற இதழை நடத்திக்கொண்டே கியர்களை மலைப்பாதையில் ஏற்றி ஏற்றிச் சோதித்தார். மரக்கறி உணவுக்காரர், முதுமையிலும் நெடுந்தூரம் ஓட்டியவர். அவரைப் பற்றி எது கிடைத்தாலும் நான் விடுவதில்லை. ஏற்றம் வந்தால் காலுக்கேற்ற கியரைப் போடு, வெட்கப்படாதே என்பதே அவர் வாழ்நாள் முழுதும் செய்த பிரசாரம்.

ஆடாக்ஸ் சங்கம் 1904இல் உருவானபோது தெகிராஞ்சின் நிழலில்தான் இருந்தது. ஒரு தலைவர் முன்னே போக, எல்லோரும் அவர் வேகத்திலேயே கூட்டமாக ஓட்டவேண்டும். 1921இல் தெகிராஞ்சோடு பிணங்கிப் பிரிந்து, அவரவர் வேகத்தில் ஓட்டலாம் என்று புதுவிதி செய்தார்கள். வெலோசியோவின் கியரும் இந்த விதியும் ஒரே சிந்தனையின் இரு பிள்ளைகள் என்பது என் துணிபு. பாதை ஒன்று, கெடு ஒன்று. நடுவே எப்படிப் போவது என்பது உன் காலின் உரிமை. இரட்டைச் சைக்கிள், மூன்று சக்கரம், படுத்தபடி ஓட்டும் சைக்கிள் எதுவானாலும் சரி. மனித பலத்தில் மட்டும் ஓடவேண்டும்.

எல்லோரையும் சேர்த்துக்கொள்வதென்றால் விதியைத் தளர்த்துவது என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. இங்கே வயதுக்குச் சலுகை கிடையாது. வழியில் சரிபார்க்கும் இடைநிலையம் ஒன்றில் முத்திரை விடுபட்டால் பயணமே செல்லாது. உனக்குத் துணையாக வருபவர்கள் அந்த நிலையங்களில் மட்டும்தான் உதவலாம். எல்லோருக்கும் ஒரே கண்டிப்பு என்பதால்தான் கடைசியாக வருபவர் வாங்கும் சான்றுக்கும் மதிப்பு இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காலில் வலு இல்லாமலா? 300 கிலோமீட்டருக்கு மேல் போனால் பெரும்பாலும் இருட்டில் ஓட்டியாக வேண்டும். இரவில் நெடுஞ்சாலையில் தனியாகப் போக எந்த வீடு பெண்ணை எளிதில் அனுப்புகிறது? வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது? கதவு திறந்துதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எந்தச் சங்கமும் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. புறப்படும் நேரத்தையும் நிலையங்களையும் இதை மனத்தில் வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

நீயும் அம்மாவும் 200இல் தொடங்குங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால் இரவு 7.30 வரை நேரம் இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் ஓட்டினாலே பத்து மணி நேரம்தான். மிச்சம் மூன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் பஞ்சருக்கும். சென்னையிலும் கோவையிலும் இந்தப் பயணங்களை நடத்துகிறார்கள். முடித்தவர்களின் முடிவுகள் பாரிசுக்குப் போய், அங்கே சரிபார்த்து எண் தருகிறார்கள். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி ஆகியவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். அம்மாவின் சைக்கிளில் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று எண்ணி அடுத்த கடிதத்தில் எழுது. குறைவாக இருந்தால் மாற்றிவிடலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்