இணையவழி மேம்பட்ட பாடங்கள்: யாருக்குப் பயன் தரும்?

கொடுத்த கணக்கை முதலில் முடித்துவிட்டு, "அடுத்து என்ன சார்?" என்று கேட்கும் மாணவர் ஒருவராவது நம் வகுப்பில் இருப்பார். அந்த ஒருவருக்கென மேம்பட்ட பாடம் நடத்தச் சிறிய பள்ளியில் ஆசிரியரும் இல்லை, பாடவேளையும் இல்லை. இணையவழிப் பாடம் அந்தக் குறையைத் தீர்க்குமா? அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகள் இக்கேள்வியைத் தெளிவாகப் பார்க்க உதவுகின்றன.

ஆய்வு 1: மெயின், வெர்மான்ட் மாநிலங்கள்

அங்கே தொடக்கநிலை இயற்கணிதம் பொதுவாக ஒன்பதாம் வகுப்புப் பாடம். எட்டாம் வகுப்பிலேயே அதைப் படிக்கத் தயாரான மாணவர்கள் இருந்தும், அதற்கெனத் தனி வகுப்பு இல்லாத 68 பள்ளிகளை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். இவற்றில் பெரும்பாலானவை கிராமப்புறப் பள்ளிகள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுப் பள்ளிகளுக்கு மட்டும் 2008-09 கல்வியாண்டில் இணையவழிப் பாடம் வழங்கப்பட்டது. இணைய ஆசிரியரோடு, பள்ளியிலும் ஒருவர் உடனிருந்து கண்காணித்தார்.

ஆண்டிறுதி இயற்கணிதத் தேர்வில் இணையவழி வாய்ப்புப் பெற்ற பள்ளிகளின் மாணவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றனர். பின்னர் மேம்பட்ட கணிதப் பாடவரிசையில் சென்றோர் இவர்களில் 51 விழுக்காடு. மற்றப் பள்ளிகளில் 26 விழுக்காடு.

ஆய்வு 2: சிகாகோ

ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தோல்வியுற்ற மாணவர்கள் 2011, 2012 கோடை விடுமுறைகளில் அதை மீண்டும் படித்தனர். ஒரு பிரிவினர் இணையவழியிலும் மற்றவர்கள் ஆசிரியரிடம் நேரடியாகவும் பயின்றனர். நேரடி வகுப்பில் 76 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற, இணைய வகுப்பில் 66 விழுக்காட்டினரே தேர்ச்சி பெற்றனர். இணைய வகுப்பு கடினமாக இருந்ததாகவும் மாணவர்கள் கூறினர்.

இவற்றிலிருந்து அறிவது

முதல் ஆய்வில் இணையவழிப் பாடம், இல்லாத ஒரு வகுப்பைக் கொண்டுவந்தது. படித்தவர்களும் தயாராக இருந்தவர்கள். இரண்டாவதில் அது ஆசிரியரின் இடத்தில் வைக்கப்பட்டது. படித்தவர்களோ ஏற்கெனவே தடுமாறியவர்கள். ஆகவே, "இணையவழிக் கல்வி நல்லதா?" என்பதைவிட, "யாருக்கு, எதற்குப் பதிலாக?" என்று கேட்பதே பொருத்தம்.

நாம் செய்யக்கூடியவை

• மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், பாடத்துக்குத் தேவையான அடிப்படைகளைச் சிறு தேர்வு வைத்து அறிந்து மாணவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

• வீட்டில் ஒரே கைப்பேசியைப் பலர் பகிரும் நிலையில், பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் வாரம் இரு பாடவேளைகளை உறுதிசெய்யலாம்.

• ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்று வாரந்தோறும் குறிப்பேட்டைப் பார்க்கலாம். காணொலியில் கண்ட கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் விளக்கச் சொன்னால், பார்த்தது எவ்வளவு, புரிந்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

• பின்தங்கிய மாணவரைக் கணினிமுன் அமர்த்திவிட்டு நகர வேண்டாம். அவருக்கு நம் நேரமே முதல் தேவை.