தலையணித் திரையில் பார்வைத் தடத்தை அளவுத்திருத்தம் செய்தல்: சிங்கப்பூர்ச் சூழலுக்கான வழிமுறை

தலையில் அணியும் திரைக்கருவிகளில், அதாவது பேச்சுவழக்கில் ஹெட்செட் எனப்படும் மெய்நிகர்க் கருவிகளில், அணிந்திருப்பவர் எங்கே பார்க்கிறார் என்பதைக் கருவி அறிந்துகொள்ளச் செய்யும் வேலைக்கு அளவுத்திருத்தம் என்று பெயர். திரையில் புள்ளிகள் தோன்றுவதும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்ததும் வேலை நிறைவுற்றதாகச் செய்தி வருவதும் ஒரு நிமிடத்திற்குள் நடந்துவிடுவதால், செய்ய வேண்டியது அவ்வளவுதான் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அந்த ஒரு நிமிடத்தில் கெடுவது குறைவு. அதற்கு முன் மூக்குக்கண்ணாடி, முகத்து வியர்வை, தலைப்பட்டை ஆகியவற்றைக் கவனியாமல் விடுவதாலும், அதற்குப் பின் கிடைத்த அளவைச் சோதித்துப் பாராததாலும் கெடுவதே அதிகம். ஆதலால் இவ்வழிமுறையிலும் புள்ளிகளைப் பற்றிய பகுதி சிறியதாகவும் முன்னேற்பாடுகளைப் பற்றிய பகுதி பெரியதாகவும் அமைகின்றன.

கருவியின் உள்ளே, வில்லைகளைச் சுற்றிலும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உமிழும் சிறு விளக்குகள் பதிக்கப்பட்டிருக்கும். அவ்வொளி, கண்ணின் முன்புறத்தில் குவிந்து வளைந்திருக்கும் கார்னியா என்னும் தெளிந்த படலத்தில் பட்டுச் சிறுசிறு மினுக்குகளாகத் தெரிய, கண்பாவையின் நடுப்புள்ளிக்கும் அந்த மினுக்குகளுக்கும் இடையிலுள்ள தொலைவையும் திசையையும் உள்ளிருக்கும் கேமரா அளந்து, கண் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. ஆனால் கண் திரும்பியிருக்கும் திசையும் மனிதர் பார்க்கும் திசையும் ஒன்றல்ல. கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரையின் மையக்குழி, கண்ணின் வடிவியல் அச்சிலிருந்து சற்று விலகி அமைந்திருப்பதால், இவ்விரு திசைகளும் கிடைவாக்கில் ஏறத்தாழ 5 பாகை வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு ஆளுக்கு ஆள் மட்டுமன்றி ஒருவருடைய இரு கண்களுக்கு இடையிலும் மாறக்கூடியது. இதை வெளியிலிருந்து எந்தக் கேமராவாலும் காண முடியாது. இடம் தெரிந்த ஒரு புள்ளியைக் காட்டி, அதைப் பார்க்கச் சொல்லித்தான் அறிய முடியும். ஒரு மீட்டர் தொலைவில் 1 பாகை என்பது ஏறத்தாழ 1.75 சென்டிமீட்டர் என்பதை நினைவிற்கொண்டால், திருத்தப்படாத 5 பாகை விலகல் எத்தகையது என்பது விளங்கும்: ஒரு பொத்தானைப் பார்ப்பவருக்குப் பக்கத்துப் பொத்தான் அழுந்தும்.

முதலில் தீர்க்க வேண்டியது மூக்குக்கண்ணாடி பற்றிய கேள்வி. சிங்கப்பூரில் தேசிய சேவைக்குச் சேரும் இளையர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூத்த தலைமுறையில் இந்த விகிதம் குறைவு என்றாலும், 2007 முதல் 2009 வரை 40 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர் இந்தியர் 3,400 பேரிடம் நடத்தப்பட்ட கண் ஆய்வு, அவர்களிலும் நான்கில் ஒருவருக்கு மேல் கிட்டப்பார்வை கொண்டிருப்பதைக் காட்டியது. அந்த வயதினருக்கு வெள்ளெழுத்தும் சேர்ந்துகொள்வதால், இரட்டைப் பவர் கண்ணாடியோ படிப்படியாகப் பவர் மாறும் கண்ணாடியோ அணிவோர் பலர். மூக்குக்கண்ணாடியின் பரப்பு அகச்சிவப்பு ஒளியை மீண்டும் பிரதிபலிப்பதால் கேமராவுக்குப் பொய் மினுக்குகள் தெரியலாம்; பவர் மாறும் கண்ணாடியிலோ ஒளி வளையும் அளவு மேலும் கீழும் வெவ்வேறாக இருப்பதால், நடுவில் சரியாக அமைந்த அளவு ஓரங்களில் பிசகிவிடும்.

இதற்கு வழிகள் மூன்று. மென்மையான தொடுவில்லை அணிவது பெரும்பாலும் தொல்லையற்றது. கடினமான தொடுவில்லையின் விளிம்பைக் கருவி கண்பாவையின் விளிம்பாகப் பிழைபடக் கொள்ளக்கூடும். கண்ணாடியோடு அணிய இடமளிக்கும் கருவியாயின், ஒற்றைப் பவர் கொண்ட, பட்டையான சட்டமற்ற கண்ணாடியைத் தேர்ந்தெடுத்து அதை நன்கு துடைத்த பிறகே அணிய வேண்டும். மூன்றாவது, கருவியின் வில்லைகளுக்கு முன்பாகப் பொருத்தும் பவர் வில்லைகள். 2024 ஜூன் 28 அன்று சிங்கப்பூரில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ மூக்குக்கண்ணாடியோடு அணிவதற்கு இடமே தராமல், செய்ஸ் நிறுவனத்தின் இத்தகைய வில்லைகளையே கேட்கிறது. தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு இம்மூன்றாவது வழியே மேலானது, ஏனெனில் கண்ணுக்கும் பவர் வில்லைக்கும் இடையிலான தொலைவு ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்கும்.

இவ்வில்லைகளுக்குத் தேவையான பவர்ச் சீட்டைப் பெறுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிங்கப்பூரில் கண் அளவு பார்ப்போர் 2007ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், சிராங்கூன் சாலை வட்டாரத்துக் கடையானாலும் நகர மையத்துக் கடையானாலும் அளவு பெறுவது எளிதே. ஆனால் சீட்டில் இரு கண்பாவைகளுக்கு இடையிலான தொலைவை மில்லிமீட்டரில் எழுதித் தருமாறு கேட்டு வாங்காவிட்டால் அது விடுபட்டுப்போகலாம். கடைகளில் 300 டிகிரி என்று சொல்லப்படுவது சீட்டில் -3.00 டயாப்டர் என்று எழுதப்படும். இந்த டிகிரிக்கும் மேலே சொன்ன பாகைக் கணக்குக்கும் தொடர்பில்லை. எந்தத் திருத்தத்தோடு கருவியைப் பயன்படுத்தப் போகிறாரோ அதே திருத்தத்தோடுதான் அளவுத்திருத்தமும் செய்ய வேண்டும். தொடுவில்லையோடு செய்துவிட்டுக் கண்ணாடியோடு பயன்படுத்துவது, செய்யாமல் விடுவதற்குச் சமம்.

அடுத்தது முகம். நெருப்புக் கரியை அடிப்படையாகக் கொண்ட கண்மை அகச்சிவப்பு ஒளியிலும் கறுப்பாகவே தெரியும் என்பதால், கண்பாவையைக் கரிய வட்டமாகத் தேடும் கருவி, மை தீட்டிய இமைவிளிம்பையோ மஸ்காரா பூசிய இமைமுடியையோ அதன் பகுதியாகக் கருதிவிடுகிறது. அடர்பழுப்பு நிறக் கருவிழியைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. அதிலுள்ள நிறமி அகச்சிவப்பு ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுவதால், வெளிச்சத்தில் கண்பாவையோடு ஒன்றிக் கறுப்பாகத் தெரியும் கருவிழி, கேமராவுக்குச் சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரிகிறது. நெற்றியில் இட்ட திருநீறும் குங்குமமும் கருவியின் நெற்றித் திண்டில் ஒட்டி, கழற்றி மாட்டும்போது உள்வில்லைமேல் உதிர்கின்றன. கோயிலிலிருந்து நேரே வருபவரிடம் நெற்றியைத் துடைக்கச் சொல்வது முறையாகாது எனில், திண்டின்மேல் ஒருமுறை பயன்படுத்தும் உறையை இட்டுக்கொள்ளலாம்.

வியர்வையும் ஆவியும் வெப்பமண்டல நகரத்தின் தனித் தொல்லைகள். குளிரூட்டிய அறையில் வைத்த கருவியின் வில்லைகள் குளிர்ந்திருக்க, ஈரக்காற்றில் நடந்து வந்தவர் உடனே அதை அணிந்தால், முகத்தின் ஈரம் வில்லையில் ஆவியாகப் படிந்து படத்தை மங்கச் செய்யும். முகத்தைத் துடைத்துச் சில நிமிடம் அமர்ந்து வியர்வை அடங்கியபின் அணிய வேண்டும். அணிந்தபின் ஒன்றிரண்டு நிமிடம் கழித்தே புள்ளிகளைத் தொடங்க வேண்டும். வில்லைகளை உலர்ந்த மென்னிழைத் துணியால் துடைத்தால் போதும். தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்திருந்தாலன்றி ஆல்கஹால் பூசுவது மேற்பூச்சைக் கெடுக்கும். சாளரத்து வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் மிகுதி. அது மூக்கோர இடைவெளி வழியே புகுந்து மினுக்குகளை மறைக்குமாதலால் திரைச்சீலை இழுத்த அறையே நல்லது. வெயில் வில்லை வழியாகத் திரையில் குவிந்தால் திரையே எரிந்துபோகக்கூடும் என்பது தனிச்செய்தி.

அணிவிக்கும்போது, முதலில் கருவியை முகத்தில் பொருத்தி, படம் நடுவில் மிகத் தெளிவாகத் தெரியும் உயரத்திற்கு மேலும் கீழும் நகர்த்தி, அதன் பிறகே பின்பட்டையை இறுக்க வேண்டும். பட்டையை இறுக்கிவிட்டுக் கருவியை நகர்த்துவது பலரும் செய்யும் தவறு. கொண்டையும் பூச்சரமும் பின்பட்டையை மேலே தள்ளும். தலைப்பாகையும் முக்காடும் பட்டையை வழுக்கச் செய்யும். கொண்டையைப் பட்டைக்குக் கீழே தாழ்த்திக் கட்டுவதும், பட்டையை நீட்டித் தலைப்பாகையின் அகலமான பகுதியில் அமர்த்துவதும் போதுமானவை. பிறகு வில்லைகளின் இடைவெளியைக் கண்பாவைத் தொலைவுக்குப் பொருத்த வேண்டும். வளர்ந்தோரின் சராசரி ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் என்றாலும் தனியாளின் அளவு அதிலிருந்து வெகுவாக விலகக்கூடும். விஷன் புரோ போன்றவை தாமே வில்லைகளை நகர்த்திக்கொள்ளும். திருகு உள்ள கருவிகளில் சீட்டிலுள்ள எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

இனிப் புள்ளிகள். நன்றாக இமைத்துவிட்டுத் தொடங்கி, தலையை அசைக்காமல், புள்ளியின் நடுவை மட்டும் பார்த்து, அது மறையும்வரை கண்ணை அங்கேயே நிறுத்த வேண்டும். புதிய புள்ளி தோன்றிக் கண் அங்கே தாவத் தொடங்கவே ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும் என்பதால், அவசரமாகப் பொத்தானை அழுத்துபவர், கண் சென்று சேராத இடத்தைச் சேர்ந்ததாகக் கருவிக்குக் கற்பித்துவிடுகிறார். அடுத்த புள்ளி வரும் இடத்தை ஊகித்து முந்திக்கொள்வதும் அத்தகைய பிழையே. 2019இல் வந்த எச்டிசி வைவ் புரோ ஐ 5 புள்ளிகளோடு நிறுத்திக்கொள்கிறது; விஷன் புரோவோ வட்டமாக அமைந்த புள்ளிகளைப் பின்னணி ஒளியைக் கூட்டிக்கூட்டித் திரும்பவும் காட்டுகிறது. வெளிச்சம் கூடும்போது கண்பாவை சுருங்குகிறது. சுருங்கும்போது அதன் நடுப்புள்ளியும் சற்று இடம்பெயர்கிறது. ஆகவே இருட்டில் எடுத்த அளவு வெளிச்சமான காட்சியில் பிசகும். ஒரே ஒளியில் அளக்கும் கருவிகளில், பின்னர் காட்டப்போகும் காட்சியின் ஒளி அளவிலேயே அளவுத்திருத்தத்தையும் நடத்துவது அறிவுடைமை.

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதன்பின் வருகிறது. அளவுத்திருத்தத்திற்குப் பயன்பட்ட அதே புள்ளிகளில் பிழை சிறிதாக இருப்பது எதையும் நிறுவாது; நடு, நான்கு ஓரம், நான்கு மூலை என வேறிடத்தில் 9 புள்ளிகளை வைத்துப் பார்க்கச் சொல்லிச் சோதிக்க வேண்டும். பார்த்த இடத்துக்கும் கருவி சொன்ன இடத்துக்கும் உள்ள விலகல் துல்லியத்தையும், ஒரே இடத்தைப் பார்க்கும்போது கருவி சொல்லும் இடம் நடுங்கும் அளவு சீர்மையையும் காட்டும். வைவ் புரோ ஐக்குத் தயாரிப்பாளர் அறிவித்த 0.5 முதல் 1.1 பாகைத் துல்லியம் நடுவிலுள்ள 20 பாகைப் பரப்புக்கு மட்டுமே உரியது. மூலைகளிலும் அதையே எதிர்பார்த்து ஏமாறுவதில் பயனில்லை. சராசரியை மட்டும் பார்ப்பதும் கூடாது, ஏனெனில் ஒரு மூலையின் பெரும்பிழை எட்டு நல்ல புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். நடுப்பரப்பில் 1 பாகைக்கு மேல் விலகினால் திரும்பச் செய்வதே தக்கது. ஆய்வு மென்பொருள் இல்லாதவர், திரையின் மூலைகளில் உள்ள சிறு சின்னங்களைப் பார்த்து, பார்த்ததே ஒளிர்கிறதா என்று கவனிக்கலாம்.

பிழையின் போக்கே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் விலகினால் கருவி நழுவியிருக்கிறது. கீழ்ப்பகுதியில் மட்டும் கெட்டால், தாழ்ந்த இமையோ இமைமுடியோ கண்பாவையை மறைக்கிறது. கருவியைச் சிறிது உயர்த்தியோ தாழ்த்தியோ பார்க்க வேண்டும். ஒரு கண் மட்டும் பிசகினால் பவர் வில்லை இடம் வலம் மாறியிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்து வில்லையில் கறை இருக்கலாம். திசையின்றி நடுங்கினால் ஆவியோ வெளிவெளிச்சமோ காரணம். காரணத்தைத் தேடாமல் அளவுத்திருத்தத்தை மட்டும் திரும்பத் திரும்ப நடத்துவது கண்ணைக் களைப்பிக்குமேயன்றி வேறொன்றும் தராது.

நழுவலைப் பொறுத்தவரை, கண்பாவையை மட்டும் நம்பும் கருவிகளில் ஒரு மில்லிமீட்டர் நகர்வே 5 பாகைக்கு மேற்பட்ட பிழையாகக்கூடும். மினுக்குகளையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகள் இதைப் பெருமளவு ஈடுகட்டினாலும் முழுதாக அல்ல. எனவே கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், நீண்ட அமர்வில் கால் மணிக்கு ஒருமுறையும், நடுப்புள்ளி ஒன்றையேனும் சோதிப்பது நல்லது. விஷன் புரோவில் மேற்பொத்தானை நான்கு முறை விரைந்து அழுத்தினால் அளவுத்திருத்தம் மீண்டும் தொடங்கும்.

மாறுகண் உடையோருக்கு இரு கண்களும் ஒரே புள்ளியில் சேராமையால், பார்க்கும் கண் எதுவோ அதை மட்டும் கணக்கில் கொள்ளுமாறு கருவியின் அமைப்பை மாற்ற வேண்டும். இவ்வசதி பெரும்பாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புப் பகுதியில் இருக்கும். கண்புரை அறுவைக்குப்பின் பொருத்தப்பட்ட செயற்கை வில்லை கூடுதல் மினுக்கைத் தரலாம். கண்கள் தாமாகவே ஓயாது நடுங்கும் நிலையுடையோருக்கு எத்தனை முறை முயன்றாலும் பயன் குறைவு என்பதால், அவர்களைச் சோர்வுறச் செய்யாமல் கைக்கருவிக்கு மாறிவிடுவதே மரியாதை.

பலர் மாறிமாறி அணியும் கருவியாயின், ஒவ்வொருவர் அளவும் தனித்தனியே சேமிக்கப்பட வேண்டும் அல்லது உடனே அழிக்கப்பட வேண்டும். முந்தையவரின் அளவோடு அடுத்தவர் தொடங்குவது மிகப் பரவலான குளறுபடி. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளிலும் சாங்கியிலும் கருவிழியைக் காட்டிக் கடந்துசெல்லும் சிங்கப்பூரருக்கு, அகச்சிவப்புக் கேமராவின் முன் கண்ணைத் திறப்பது புதிதன்று. எனினும் அங்கே அது குடிநுழைவுத் துறையின் அடையாளச் சோதனை, இங்கோ எதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற பதிவு. அப்பதிவைச் சேமிக்கும் நிறுவனம், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நோக்கத்தைத் தெரிவித்து இசைவு பெற வேண்டியிருக்கும் என்பதால், இசைவைக் கருவியை மாட்டுவதற்கு முன்பே கேட்பதும், அளவை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணின் படத்தைச் சேமிக்காதவாறு அமைப்பைத் தெரிவு செய்வதும், அடுத்தவர் அமர்வதற்குள் திண்டின் உறையை மாற்றுவதோடு முந்தையவரின் கணக்கையும் மூடிவிடுவதும் நடத்துநரின் பொறுப்பு.