மூழ்காத படகு: கட்டுமரம் கற்பிக்கும் பாடம்

நம் ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது விடுமுறையில் பார்க்கும் காட்சிதான். ஆனால் 'கயாக்' என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் கடலுக்குள் செல்லும் ஆர்வம் அவர்களிடம் வளர்ந்து வருகிறது. சென்ற ஆண்டு, சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், என் மகன் வாடகைக்கு எடுத்த கயாக் அலையில் கவிழ்ந்தது. பின்னறை மூடி சரியாகப் பொருந்தாததால் நீர் புகுந்து, படகின் வால் அமிழ்ந்தது. உயிர்காப்பு அங்கி அணிந்திருந்ததால் மிதந்தான். மீனவர்கள் கரை சேர்த்தனர். பையிலிருந்த கைப்பேசி வீணாயிற்று. "மறுபடியும் போகிறேன் அப்பா" என்கிறான். "வேண்டவே வேண்டாம்" என்கிறாள் அவன் தாய். தடுப்பதைவிடக் கற்பிப்பது மேல் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

முதலில் நம் கட்டுமரத்தைப் பாருங்கள். ஆங்கிலம் 'கட்டமரான்' என்று கடன் வாங்கிய சொல் அது. இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. நீர் தேங்கக் குழிவு இல்லை. மேலேறிய அலை இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கரை திரும்பியதும் மீனவர் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஊறிய மரம் கனத்து மிதப்புக் குறையும் என்பது அவர்கள் அனுபவ அறிவு.

கயாக் உட்குழிவானது. அதைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றே. நீரில் அமிழும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் சுமார் 1 கிலோ எடையைத் தாங்கும். 80 லிட்டர் அறை 80 கிலோவைத் தாங்கும். அதில் நீர் நிறைந்தால் அந்தத் தாங்குதல் போய்விடும். ஆகவே கடல் கயாக்கில் முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து, நடுவில் உட்காரும் இடம் மட்டும் நிறையும்படி செய்கிறார்கள். தடுப்பு இல்லாத படகில் காற்றுப் பைகளை ஊதி, வெளியே நழுவாதபடி கட்ட வேண்டும். வெயிலில் காற்று விரியும். பைகளை முட்ட முட்ட ஊதக் கூடாது.

பொருள்கள் நனையாதிருக்க மூடியை மட்டும் நம்பாதீர்கள். துணி, உணவு, மருந்து ஆகியவற்றைத் தனித்தனி நீர்புகாப் பைகளில் இட்டு, வாயை மூன்று முறையாவது இறுகச் சுருட்டிப் பூட்டுங்கள். கைப்பேசியும் ஊதலும் படகில் அல்ல, உடம்போடு இருக்கட்டும். புறப்படுமுன் கரையோரம் படகைச் சற்று நேரம் மிதக்கவிட்டு, அறைகளைத் திறந்து பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று பயணம் இல்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சோதனை. வாளி நீரில் மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை விடுங்கள், மிதக்கும். மூடியில்லாத இன்னொன்றில் நீர் நிரப்பி விடுங்கள், அமிழும். அதற்குள் ஒரு பலூனைச் செருகி ஊதிக் கட்டினால், மீண்டும் எழும்பி வரும்.

என் மனைவியும் இந்த வாளியருகே நின்று பார்த்தாள். "மூடியை நானே பார்த்த பிறகுதான் போகணும்" என்றாள். அந்த நிபந்தனை நியாயமானதுதான்.