கஞ்சாவுக்குப் பிறகு கார்ச் சாவி

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் 19 வயதானவர் கடைக்குப் போய்ப் பில்லோடு வாங்கி வரலாம். ‘கடையில் விற்கிற சாமான்தானே’ என்று அதே துணிச்சலில் காரையும் எடுப்பவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள்.

முதலில், வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவரும் விதம். பொதியை உடைக்காதீர்கள். உடைத்துவிட்டால் நன்றாக மூடிய பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். முன்சீட்டுகளுக்கு நடுவே கோப்பிக் கோப்பை வைக்கும் குழியில் பாதிச் சுருட்டு கிடந்தால், நீங்கள் ஒரு இழுப்பும் இழுக்காவிட்டாலும் குற்றம்தான். அதைச் சாட்டாக வைத்தே பொலிஸ் பிடியாணை இல்லாமல் காரைச் சோதிக்கலாம்.

அடுத்து, உங்கள் லைசன்ஸைப் பாருங்கள். புது ஓட்டுநர்களுக்கான ஜி1, ஜி2 வைத்திருப்பவர்கள், 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், லொறி, பஸ் ஓடுபவர்கள் ஆகியோருக்கு அளவு சுத்தமாகப் பூச்சியம். எச்சில் பரிசோதனையில் தெரிந்தாலே லைசன்ஸ் இடைநிறுத்தப்படும்.

மற்றவர்களுக்கு, கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி இரத்தத்தில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. வண்டி ஓடி இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மில்லிலீற்றரில் 2 நானோகிராம் இருந்தால் 1,000 டொலர் வரை அபராதம். 5 நானோகிராம் என்றால் முதல்முறைக்கே குறைந்தது 1,000 டொலர். கூடவே இரத்தத்தில் மதுவும் குறிப்பிட்ட அளவு இருந்தால் 2.5 நானோகிராமே போதும். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதை வீட்டில் அளக்க வழியில்லை, மணிக்கூட்டைத்தான் பார்க்கவேண்டும். புகைத்தால் மயக்கம் ஆறு மணி நேரம் வரை நிற்கும். சாப்பிடும் வகை பொல்லாதது. பிறந்தநாள் வீட்டில் ஒரு துண்டு பிரவுணி சாப்பிட்டு, ஒரு மணி நேரமாகியும் ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இன்னொரு துண்டை எடுப்பீர்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது நீங்கள் 401 நெடுஞ்சாலையில் நிற்பீர்கள். அந்த மயக்கம் பன்னிரண்டு மணி நேரமும் இழுக்கும். அன்றிரவு பிறந்தநாள் வீட்டிலேயே படுங்கள்.

காருக்குள் படுக்கப் போகிறீர்களா? சாரதி சீற்றில் வேண்டாம். அதில் இருந்தாலே ஓடியதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓடும் எண்ணம் இல்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும்.

பொலிஸ் மறித்துச் சந்தேகப்பட்டால் எச்சில் எடுக்கலாம், அல்லது ஒற்றைக் காலில் நிற்கவும் நேர்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் முட்ட நடக்கவும் சொல்லலாம். மறுக்காதீர்கள். மறுப்பது தனிக் குற்றம். குறைந்தபட்ச அபராதம் 2,000 டொலர். கைதானால் வழக்கறிஞரோடு பேசக் கேளுங்கள்.

எங்கள் ஆட்களில் பலர் கவனிக்காத இடம் இனித்தான். 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வண்டி ஓடுவதற்கான உச்சத் தண்டனை பத்து ஆண்டு. அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது ‘பாரதூரமான குற்றம்’ ஆகிவிட்டது. நிரந்தர வதிவிட உரிமையோடு இருப்பவர், நீதிமன்றத்தில் அபராதம் மட்டும் கட்டி வந்தாலும், நாட்டைவிட்டு அனுப்பும் நடவடிக்கைக்கு ஆளாகலாம். 2 நானோகிராம் எல்லையிலுள்ள சிறு குற்றம் மட்டும் இந்த வகைக்குள் வராது. ஆகவே எந்தப் பிரிவின் கீழ் வழக்கு என்று குற்றப்பத்திரத்தில் பாருங்கள். ‘கட்டிவிட்டு வந்துவிடுவோம்’ என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் அதைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டுங்கள்.