பல்லின் காவல் குறைந்த பிள்ளைகள்

பல்லைப் போர்த்தியிருக்கும் வெண்படையை எனாமல் அல்லது மிளிரி என்பர். நமது உடலில் மிகக் கடினமான பொருள் இதுவே. சில பிள்ளைகளுக்கு இப்படை மெல்லியதாகவோ, குழி விழுந்ததாகவோ, சுண்ணாம்பு போல் உதிர்வதாகவோ அமைந்துவிடுகிறது. பற்கள் மஞ்சளாக அல்லது கபில நிறமாகத் தோன்றும்; குளிர்நீர் பட்டால் கூசும்; விரைவில் தேயும். அயலார் இதனை அழுக்கென்பர். ஆனால் இது பரம்பரையாக வரும் எனாமல் குறைபாடாக இருக்கலாம்.

நெல் பால் பிடிக்கும் பருவத்தில் கெட்டால் சப்பியாகிறது. பின்னர் அதனை நிரப்ப முடியாது. பல்லும் அவ்வாறே. எனாமலை உண்டாக்கும் கலங்கள், பல் முரசைவிட்டு வெளிவருமுன் தம் வேலையை முடித்து மறைந்துவிடும். அவ்வேலையை நடத்தும் பரம்பரை அலகு பழுதுபட்டிருந்தால் படை சரியாக அமையாது. உமிக்கரி, செங்கல் தூள், மணல் கொண்டு தேய்த்தால் வெண்மை வராது. இருக்கும் படையும் தேய்ந்துபோகும்.

யார் குற்றம்?

எவர் குற்றமுமன்று. கர்ப்பிணித் தாய் உண்ட உணவோ கிரகணமோ இதற்குக் காரணமல்ல. சில குடும்பங்களில் பெற்றோருள் ஒருவருக்கு இக்குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. வேறு சிலவற்றில் தாய் தகப்பன் இருவரது பற்களும் நன்றாயிருக்கும். இருவரிடமும் மறைந்திருந்த குறை பிள்ளையிடம் ஒன்றுசேரும். அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு.

பரம்பரையா, கிணற்று நீரா?

இலங்கையின் உலர் வலயத்தில் பல கிணறுகளில் புளோரைட் மிகுதி. சிறுவயதில் அந்நீரைப் பருகினாலும் பல்லில் கறை படியும். இடம்பெயர்ந்து பல கிணறுகளில் நீர் அருந்திய குடும்பங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்:

1. பாற்பற்களும் இவ்வாறே இருந்தனவா?
2. வேறு ஊரில் வளர்ந்த இரத்த உறவினருக்கும் உண்டா?
3. அதே கிணற்று நீரைக் குடித்த அயல் பிள்ளைகளுக்கும் உண்டா?

முதலிரண்டுக்கும் ஆம் எனில் பரம்பரைக் குறை என ஐயுறலாம். மூன்றாவதற்கு ஆம் எனில் நீரைச் சோதிப்பிக்க வேண்டும். முடிவைப் பல்வைத்தியரே கூறவேண்டும்.

செய்யக்கூடியவை

முதற்பல் முளைத்ததும் அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டுவோம். கடைவாய்ப் பற்களுக்கு உருக்கு உறையிட்டும், முன்பற்களைப் பல்நிறப் பூச்சினால் மூடியும் காப்பாற்றலாம். மென்மையான தூரிகையால், புளோரைட் சேர்ந்த பற்பசையைச் சிறிதளவே வைத்து, நாளுக்கு இருமுறை துலக்கி, விழுங்காமல் துப்பப் பழக்குவோம். கூச்சமிருந்தால் இளஞ்சூட்டு நீரால் கொப்பளிக்கலாம். இனிப்பைக் குறைப்போம்.

வாயைப் பொத்திச் சிரிக்கும் பிள்ளை நம் மத்தியில் உண்டா? அப்பிள்ளையைப் பல் விளக்காதவள் என்று ஏசுமுன், வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.